முதற் காட்சியும் கமராவின் சார்பும்

திரைப்படம் பற்றி முற்போக்குப் பத்திரிகைகளில் வெளிவரும் விமர்சனங்களை ஒருங்கே வைத்துப் படிப்போர்க்கு ஓர் உண்மை விரைவிற் புலனாகும். கதை யாரைப் பற்றியது, வசனம் எவர் பக்கம் பேசுகிறது, முடிவில் வென்றது எந்த வர்க்கம் என்னும் மூன்று கேள்விகளுக்கு விடை கண்டவுடன் விமர்சகர் பேனாவை மூடிவிடுகிறார். கமரா எங்கே நின்றது, ஒரு காட்சியை அடுத்து எந்தக் காட்சி ஒட்டப்பட்டது என்பனவெல்லாம் அவருக்கு உருவவாதிகளின் பொழுதுபோக்கு. 1952-இல் வெளிவந்த ‘பராசக்தி’யைப் பற்றி இன்றுவரை எழுதப்பட்டவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றுட் பெரும்பகுதி அப்படத்தின் வசனத்தைப் பற்றியதே. படத்தைப் பாராது ஒலிநாடாவை மட்டும் கேட்டுவிட்டே அவற்றுட் பலவற்றை எழுதியிருக்கலாம்!

இப்போக்கு நமக்கு உடன்பாடன்று. ஒரு படம் தன் சார்பை வசனத்தால் அறிவிக்கும் முன்னரே கமராவினாலும் படத்தொகுப்பினாலும் அறிவித்துவிடுகிறது. அந்த அறிவிப்பும் பெரும்பாலும் முதற் சில நிமிடங்களுக்குள் நிகழ்ந்து முடிந்துவிடுகிறது. ஆகவே சமூக நோக்குடைய விமர்சகன் முதற் காட்சியிலேயே விழித்திருத்தல் வேண்டும்.

முதற் காட்சிக்கு ஏன் இத்துணை வலிமை? விளக்கு அணைந்த கொட்டகையில் அமர்ந்திருக்கும் பார்வையாளனுக்குத் திரையில் வரப்போகும் எவரையும் தெரியாது. ஆகவே எந்த முகம் முதலில் அருகே கொண்டுவரப்படுகிறதோ அதனைத் தன் உறவாகக் கொள்கிறான். எது தொலைவில் நிழலாக அசைகிறதோ அதனை அந்நியமாகக் கொள்கிறான். 1920-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சோவியத் கலைஞர் லெவ் குலெஷோவ் செய்த பரிசோதனை இதற்குச் சான்று. உணர்ச்சியேதுமற்ற ஒரே நடிகனின் முகத்தை ஒரு முறை உணவுக் கிண்ணத்தின் அருகிலும், மற்றொரு முறை சவப்பெட்டியின் அருகிலும் ஒட்டிக் காட்டியபோது, பார்த்தோர் முதலாவதிற் பசியையும் மற்றதிற் துயரையும் கண்டனர். முகம் மாறவில்லை, அயல் மாறியது. இரு துண்டுப் படச்சுருளுக்கிடையே உள்ள வெட்டில் கருத்துப் பிறக்கிறது என்பது அன்று நிறுவப்பட்டது.

இதனைப் புத்தம்புதிய மேனாட்டுக் கண்டுபிடிப்பெனக் கருதவேண்டியதில்லை. நம் பழைய நாடக இலக்கணத்தார் கதைப்போக்கை ஐந்து சந்திகளாகப் பிரித்து, முதலாவதற்கு ‘முகம்’ என்றே பெயரிட்டனர். உழுது பதப்படுத்திய புழுதியில் இட்ட வித்து முளைவிடுதலை அதற்கு உவமை கூறினர். மாவடிப்பள்ளிக்கு அயலூரான காரைதீவில் 1892-இற் பிறந்த விபுலாநந்த அடிகள், தமிழ் நாடக இலக்கணத்தையும் சேக்ஸ்பியர் நாடகங்களையும் ஒருங்கே வைத்து ‘மதங்க சூளாமணி’யில் ஆராய்ந்தார் என்பதை இங்கு நினைவுகூர்தல் தகும். அவ்வுவமையை விளக்க நம் பகுதியிற் பேராசிரியர் எவரும் தேவையில்லை. விதைப்பிற் பிழைத்ததைக் களவெட்டியிற் சரிசெய்ய முடியாது என்பது வட்டையில் வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் தெரியும்.

வெட்டு ஒன்றினாலேயே ஒரு சமூக விமர்சனத்தைத் தொடங்கலாம் என்பதற்குச் சாப்ளினின் ‘மொடர்ன் டைம்ஸ்’ (1936) யாவரும் அறிந்த எடுத்துக்காட்டு. நெருக்கியடித்து ஓடும் ஆட்டுமந்தை. அதன்மீது மெல்லப் படர்ந்து தோன்றுவது, சுரங்கப்பாதையிலிருந்து வெளியேறித் தொழிற்சாலை நோக்கி விரையும் தொழிலாளர் கூட்டம். மந்தையின் நடுவே ஒரேயொரு கறுப்பாடு. வசனமில்லை. இதற்கு விரிவுரை எழுதுவது வாசகரின் அறிவைக் குறைத்து மதிப்பதாகும், மேலே செல்வோம்.

நாம் இங்கு விரிவாக எடுத்துக்கொள்ள விரும்புவது 1992 ஆகஸ்ட் 15-இல் வெளிவந்த மணிரத்தினத்தின் ‘ரோஜா’. ஒளிப்பதிவு சந்தோஷ் சிவன். படத்தொகுப்பு சுரேஷ் அர்ஸ். இருவரும் தத்தம் தொழிலில் வல்லவர்கள். அதனாலேயே இப்படத்தைத் தேர்ந்தோம். கைத்திறனற்ற படத்தின் சார்பு எவரையும் நெடுநாள் மயக்குவதில்லை.

படம் காஷ்மீரிற் தொடங்குகிறது. விடியலுக்கு முந்திய இருள். மரங்களிடையே ஆயுதமேந்திய படையினர். ஓட்டம், வேட்டொலி, துரத்தல். இறுதியில் வாசிம்கான் என்னும் தீவிரவாதி பிடிபடுகிறான். அவன் ஓடுவதைக் காண்கிறோம், பிடிபடுவதைக் காண்கிறோம். எந்த வீட்டிலிருந்து வந்தான், அவனைப் பெற்றவள் எங்கே இருக்கிறாள், அவ்வூரில் விடிந்ததும் வேலைக்குச் செல்வோர் யார் என்பவற்றைக் கமரா கேட்பதில்லை. காஷ்மீரில் வாழும் சாதாரண மனிதர் எவருக்கும் இத்தொடக்கத்தில் முகம் அளிக்கப்படவில்லை. (இக்காட்சிகள் காஷ்மீரில் எடுக்கப்பட்டவையும் அல்ல. அங்கு நிலைமை சீரற்றிருந்தமையால் மணாலி முதலிய வேறு மலைப்பிரதேசங்களிற் படமாக்கினர். இருளும் மரமும் மட்டுமே வேண்டியிருந்தபோது எந்த மலையாயினும் போதுமன்றோ?)

அடுத்து வருவது அந்த வெட்டு. காஷ்மீரின் இருளிலிருந்து நாம் ஒரே தாவலிற் தமிழ்நாட்டின் தெற்கே ஒரு கிராமத்தின் விடியலுக்கு வந்து சேர்கிறோம். நீர் பாய்கிறது, வயல் பச்சையாய் விரிகிறது, சிறுவரும் முதியோரும் சிரிக்கின்றனர், நாயகி ஓடித் திரிகிறாள். வைரமுத்துவின் பாடலும், அப்படத்தின் மூலமே அறிமுகமான ரகுமானின் இசையும் சேர்ந்து, அக்கிராமத்தை நாம் நேசிக்கப் போதிய அவகாசத்தைத் தருகின்றன. ‘அவகாசம்’ என்னும் சொல்லைக் கவனத்துடன் பயன்படுத்துகிறோம். படத்தொகுப்பாளன் ஒரு மனிதனுக்குக் கொடுக்கக்கூடிய மிகப்பெரிய மரியாதை நேரம். ஒரு நிலத்துக்கு முழுப்பாடலின் நேரம் கிடைக்கிறது. மற்ற நிலத்துக்குத் துப்பாக்கி வெடிக்கும் நேரம் கிடைக்கிறது. ஒன்று நிறத்தாற் பச்சை, மற்றது நிறத்தால் இருள். ஒன்றில் வாழ்க்கை உண்டு, மற்றதிற் சம்பவம் மட்டுமே உண்டு. ‘இது வீடு, அது வெளி’ என்று எந்தப் பாத்திரமும் சொல்லவில்லை, ஆனாற் சொல்லப்பட்டுவிட்டது.

இப்படம் தேசிய ஒருமைப்பாட்டை வளர்க்கும் சிறந்த படத்துக்கான இந்திய அரசின் விருதைப் பெற்றது. வெளிவந்த நான்காம் மாதத்தில், 1992 டிசம்பர் 6-இல், பாபர் பள்ளிவாசல் இடிக்கப்பட்டது. இவற்றுள் ஒன்று மற்றதற்குக் காரணம் என்று கூறுமளவுக்கு நாம் பேதையரல்லர். ஆயினும் ஒரு காலம் எத்தகைய காட்சியை ஐயமின்றி ஏற்றுக்கொள்ளத் தயாராயிருந்தது என்பதை இவ்விரண்டும் சேர்ந்து காட்டுகின்றன.

இனி, இப்படத்தைக் கல்முனையிலோ சம்மாந்துறையிலோ மாவடிப்பள்ளியிலோ பார்த்த ஒருவனை எண்ணிப் பாருங்கள். தமிழே அவன் தாய்மொழி. அந்தப் பச்சை வயல் அவனுக்கு அந்நியமன்று. தன் வாப்பாவின் வயலை அதிற் காண்கிறான். பாட்டு அவன் வாயிலும் முணுமுணுக்கப்படுகிறது. ஆனால் தொழும் மனிதன் இப்படத்தில் எந்தப் பக்கத்தில் வைக்கப்பட்டிருக்கிறான்? காட்சிகள் நகர நகர, தொழுகையும் தொப்பியும் அந்த இருண்ட நிலத்துக்கே உரியனவாய் வந்துகொண்டிருக்கின்றன. மொழியால் வெளிச்சத்திலும் மார்க்கத்தால் இருளிலும் ஒரே சமயத்தில் நிறுத்தப்பட்டவன் இவன். வெட்டு அவனுடைய உடலின் ஊடாகவே செல்கிறது. காத்தான்குடியிற் பள்ளிவாசலிற் தொழுது நின்றோர் விடுதலைப் புலிகளாற் கொல்லப்பட்டு (1990 ஆகஸ்ட் 3) அப்போது இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. தொழும் மனிதனின் முதுகை எண்ணும்போது இக்கரையின் மக்களுக்கு நினைவில் எழும் காட்சி வேறு. சென்னையில் அமர்ந்து படம் தொகுத்தவர் அதனை அறிந்திருக்க நியாயமில்லை. அறியாமை குற்றமன்று என்போம். ஆனால் அறியாதவனின் கமராவே நமக்கு நம் முகத்தைக் காட்டும் கண்ணாடியாக இருந்து வந்திருக்கிறது என்பதை மறக்கலாகாது.

இதற்கு ஒரு மறுப்பு எழக்கூடும். படத்தின் பிற்பகுதியில் லியாகத் என்னும் பாத்திரம் மனமாறுதல் அடைகிறானே, அவனுடைய துயரும் காட்டப்படுகிறதே என்பர். உண்மை. பங்கஜ் கபூர் அப்பாத்திரத்தை மிகச் சிறப்பாகவும் நடித்திருக்கிறார். ஆயினும் லியாகத் மனிதனாவதற்கு ஒரு படம் முழுவதும் உழைக்க வேண்டியிருக்கிறது. தென்தமிழ்க் கிராமத்தாரோ வயலில் தோன்றியவுடனேயே மனிதர்கள். முதற் காட்சி ஏற்படுத்திய கடனை ஒருவன் இறுதிவரை வட்டியோடு அடைக்கிறான். மற்றவர்களுக்குக் கடனே இல்லை.

‘தீவிரவாதியைப் படையினர் தேடும் காட்சியில் வேறு எவ்வாறு தொடங்க முடியும்?’ என்று கேட்போரும் உளர். முடியும் என்பதைக் காட்ட ஜில்லோ பொன்டகோர்வோவின் ‘அல்ஜியர்ஸ் போர்’ (1966) ஒன்றே போதும். அதுவும் இராணுவத் தேடுதலிலேயே தொடங்குகிறது. தேடுவோர் பிரெஞ்சுப் படையினர்; தேடப்படுவோர் அல்ஜீரிய முஸ்லிம் போராளிகள்; ஆண்டு 1957. ஆனாற் படம் தேடுதலுக்குச் சற்று முன்னே, சித்திரவதை முடிந்த அறையிற் திறக்கிறது. அரைநிர்வாணமாய், நடுங்கிக்கொண்டு, உடைந்துபோன ஒரு மனிதன் நிற்கிறான். மறைவிடத்தைச் சொல்லிவிட்டான். படையினர் அவனுக்குக் கோப்பி கொடுக்கின்றனர். பின்னர், வழிகாட்டுவதற்காகத் தமது சீருடையையே அவனுக்கு அணிவிக்கின்றனர். அவன் கண்ணில் நீர். ஒரு பேரரசின் நீதி எவ்வாறு இயங்கியது என்பதை அந்தக் கோப்பிக் குவளையும் அளவு பொருந்தாத வாழ்வும் சொல்லிவிடுகின்றன.

அடுத்துப் படையினர் வீட்டைச் சூழ்கின்றனர். கேணல் மத்தியூ சுவரைப் பார்த்துப் பேசுகிறான்: சரணடையுமாறு கூறுகிறான். இங்கேதான் பொன்டகோர்வோ தன் சார்பைத் தெரிவு செய்கிறார். கமரா சுவருக்கு அப்பாற் செல்கிறது. நிற்கவும் இடம் போதாத அம்மறைவிடத்தில் நால்வர். அவர்களில் ஒரு பெண், ஒரு சிறுவன். மூச்சையும் அடக்கிக்கொண்டு நிற்கும் அம்முகங்களை ஒவ்வொன்றாக அருகில் வைத்துப் பார்க்கிறோம். அலி லா புவாந்த் என்னும் இளைஞனின் முகத்திற் கமரா தங்குகிறது. அங்கிருந்தே கதை 1954-க்குத் திரும்புகிறது. அதாவது, வரலாறு அவனுடைய முகத்தின் வழியாக நினைவுகூரப்படுகிறது. இரண்டு மணி நேரத்தின் முடிவில் நாம் மீண்டும் அதே சுவருக்கு வரும்போது, அப்பால் இருப்பவர் நமக்கு அந்நியர் அல்லர்.

அப்படத்தின் தொழில்நுட்பம் பற்றியும் ஒரு வார்த்தை. ஒளிப்பதிவாளர் மார்செல்லோ கத்தி, செய்திப்படம் போன்ற கரடுமுரடான கறுப்பு வெள்ளையில் அதனைப் பிடித்தார். செய்திப்படத் துண்டு எதுவும் இதிற் சேர்க்கப்படவில்லை என்று அறிவிப்புப் போடும் அளவுக்கு அது உண்மைபோல் இருந்தது. கேணலாக நடித்தவர் மட்டுமே தொழில்முறை நடிகர் எனலாம். அலியாக நடித்தவர் கமராவை முன்பின் அறியாதவர். பொன்டகோர்வோ போராளிகளின் குண்டுகளுக்குப் பலியான பிரெஞ்சு மக்களின் முகங்களையும் அருகிற் காட்டத் தவறவில்லை. முகத்தை எவருக்கும் மறுக்காமலே பக்கம் சார முடியும் என்பதை இவ்விடத்திற் கற்கலாம். வெனிஸ் விழாவில் அவ்வாண்டின் முதற்பரிசு அதற்கே கிடைத்தது. பிரான்சிலோ பல ஆண்டுகள் அதனைத் திரையிட விடவில்லை.

நம் நாட்டுக்கு வருவோம். 1947-இல் வெளியான முதற் சிங்களப் பேசும்படமான ‘கடவுனு பொரொந்துவ’ தென்னிந்திய ஸ்டூடியோவில் எடுக்கப்பட்டது. அதன்பின் ஏறத்தாழப் பத்தாண்டுகள் சிங்களக் கிராமம் என்பது தென்னிந்திய அட்டைச் சுவர்களுக்கிடையேதான் விடிந்தது. 1956-இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் ‘ரேகாவ’வை எடுத்தபோது, கமராவை ஸ்டூடியோவிலிருந்து வெளியே கொண்டுவந்தார். அரசாங்கத் திரைப்படப் பிரிவிலிருந்து விலகி அவருடன் வந்தோர் இருவர்: ஒளிப்பதிவாளர் வில்லியம் பிளேக், படத்தொகுப்பாளர் டைட்டஸ் தொட்டவத்த. படத்தின் தொடக்கத்தில் மரக்காலில் நடக்கும் வித்தைக்காரன் ஒருவன் தன் குரங்குடன் ஊருக்குள் வருகிறான். வருபவன் அந்நியன், பார்ப்பது ஊர். உண்மையான பாதை, உண்மையான வெயில். ஊரின் கண்ணிலிருந்து அந்நியனை நோக்குதல் என்னும் இந்த எளிய தெரிவு, அந்நியனின் கண்ணிலிருந்து ஊரை நோக்கும் வழமைக்கு நேரெதிரானது. படம் வசூலிற் தோற்றது. அது வேறு கதை. அல்லது ஒருகால் அதே கதைதான்.

கிழக்குக்கரைத் தமிழ்பேசும் முஸ்லிம் ஊர்களுக்கு இத்தகைய ஒரு முதற் காட்சி வாய்த்ததா? மணிரத்தினத்தின் ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ (2002) மாங்குளத்து மணவீட்டில் தொடங்கியது. இலங்கைப் போரை வெகுசனத் தமிழ்ப்படம் ஒன்று வீட்டுக்குள்ளிருந்து தொடங்கியமை வரவேற்கத்தக்கதே. ஆயினும் அதிலும் இலங்கை முஸ்லிமுக்கு இடமில்லை. வெகுசனத் தமிழ்ப்படத்தில் முஸ்லிம் குடியிருப்பு வரும்போது கையாளப்படும் வாய்பாடு யாவருக்கும் தெரியும்: வானத்தை நோக்கிய பள்ளிவாசற் கோபுரம், பின்னணியிற் பாங்கொலி, பின் ஒடுங்கிய சந்தில் விரையும் கால்கள். பாங்கு என்பது ஐந்து வேளை நேரம் சொல்லும் ஒலி. உம்மா அடுப்பைப் பற்றவைக்கும் நேரமும், வட்டையிலிருந்து கரையேறும் நேரமும் அதனால் அறியப்படுகின்றன. திரையில் அது ஆபத்தின் முன்னறிவிப்பாகிவிட்டது. ஓர் ஒலியின் பொருளை அதன் அருகில் ஒட்டப்படும் காட்சி மாற்றிவிடுகிறது என்னும் குலெஷோவின் பாடம் இங்கு தலைகீழாய்ப் பயன்பட்டிருக்கிறது.

இவ்வாய்பாடு திரையோடு நிற்கவில்லை. செய்தி ஒளிபரப்பும் அதனைக் கடன் வாங்கிற்று. 2019 ஏப்ரல் 26-இல் சாய்ந்தமருதில் ஒரு வீட்டில் நிகழ்ந்த வெடிப்பின் பின், தொலைக்காட்சிகளில் இப்பகுதியின் முதற் காட்சியாக நெடுநாள் வந்தது சிதைந்த அந்த வீடும் துப்பாக்கி ஏந்திய படையினருமே. அவ்வீட்டாரை ஐயுற்றுத் தகவல் கொடுத்தவர் அவ்வூர் மக்களே என்பது, செய்தியின் சொற்களில் எங்கோ ஓரிடத்தில் இருந்தது, காட்சியில் இல்லை. சொல்லை மறக்கும் பார்வையாளன் காட்சியை மறப்பதில்லை. 2024 நவம்பர் 26-இல், காரைதீவு–மாவடிப்பள்ளிப் பாதையை மேவிப் பாய்ந்த வெள்ளத்தில், மத்ரஸா மாணவரை ஏற்றிவந்த உழவு இயந்திரம் அடித்துச் செல்லப்பட்டுப் பிள்ளைகள் உயிரிழந்தபோது, மாவடிப்பள்ளி என்னும் பெயரை நாட்டிற் பலர் முதன்முதலாகக் கேட்டனர். வெள்ளச் செய்திக்குரிய வழமையான முதற் காட்சி வானிலிருந்து எடுக்கப்படுவது: எல்லையற்ற நீர், அதிற் புள்ளிபோல் மரங்கள். அவ்வுயரத்திலிருந்து பார்க்கையில் வெள்ளம் இயற்கையின் சீற்றமாக மட்டுமே தோன்றும். பாதையின் தாழ்வு தெரியாது. மழைக்காலத்தில் அப்பாதையாற் சென்றே தீரவேண்டியவர் யார், மாற்றுவழி உடையவர் யார் என்பதும் தெரியாது. கமராவை நிலத்துக்கு இறக்கினாலன்றி இக்கேள்விகள் பிறப்பதில்லை.

இந்நிலையில் நம் பகுதி இளைஞர்கள் கைத்தொலைபேசியாலும் வாடகை ட்ரோனாலும் குறும்படம் எடுக்க முன்வந்திருப்பது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் அவற்றுள் நாம் பார்த்த பலவும் வானத்திலிருந்தே ஊருக்குள் இறங்குகின்றன: பச்சை வட்டை, கோபுரம், கடல், மேலே படத்தின் பெயர். அழகு இல்லை என்று யார் சொன்னார்? நிலத்தின் மேலே பறப்பவனுக்கு வட்டை ஒரு நிறம். போடியாருக்கு அது கணக்கு. கூலிக்கு அறுப்பவனுக்கு முதுகுவலி. மூன்று கண்களுள் எதனை எடுத்துக்கொள்வது என்பதைத் தீர்மானியாமலே கருவியைப் பறக்கவிடுவது தொழில்நுட்பத்துக்கு அடிமையாவதே.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேலையைப் பரிந்துரைக்கிறோம். பாடசாலையில் ஒரு பிற்பகல், ‘ரோஜா’வின் முதற் பத்து நிமிடத்தையும் ‘அல்ஜியர்ஸ் போர்’ படத்தின் முதற் பத்து நிமிடத்தையும் ஒலியை முற்றாக நிறுத்தி மாணவருக்குக் காட்டுங்கள். எந்த முகம் எத்தனை வினாடி அருகில் நின்றது என்று கடிகாரத்தை வைத்து எழுதச் சொல்லுங்கள். கருத்துரை எதுவும் வேண்டாம். தாளில் நிரம்பும் எண்களை அவர்களே ஒப்புநோக்கட்டும்.

படம் எடுக்க விழையும் மாணவர்க்கு வேறொரு வேலை. அந்தக் காரைதீவு–மாவடிப்பள்ளிப் பாதையை வெள்ளத்திலன்றி வெயிற்காலத்தில், அறுவடை நாள் ஒன்றிற் படம்பிடியுங்கள். நெல்மூடையும் ஆட்களும் ஏறிய உழவு இயந்திரம் கடக்கட்டும். சைக்கிளில் ஓதப்போகும் பிள்ளை கடக்கட்டும். வெட்டு வேண்டாம், பாதை முடியும்வரை ஒரே காட்சியாக ஓடட்டும். கமரா இருக்கவேண்டிய இடம் உழவு இயந்திரப் பெட்டிக்குள், பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பத்து வயதுச் சிறுவனின் கண்மட்டம். அந்த உயரத்திலிருந்து பாதையின் இரு ஓரங்களும் எவ்வளவு அருகில் தெரிகின்றன என்பதைப் படச்சட்டத்துக்குள் கொண்டுவர முடிகிறதா என்று பார்த்து, முடியாவிட்டால் மறுநாளும் எடுங்கள்.